மன்னித்துவிட்டால் திரும்பப் போய்த்தான் ஆக வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று கவனித்தேன். ஊர் வேறு, வயசு வேறு, ஆனால் நிறையப் பேர் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். எனக்குக் கெடுதல் செய்தவரை நான் என்ன செய்வது? அதனால் இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகப் போய்விட்டது, குறைக்க மனசு வரவில்லை.

கேள்வி: எனக்கு 52 வயது. 1994-ல் கல்யாணம் ஆனது. அப்பா 2009-ல் தவறினார், உயில் எதுவும் எழுதவில்லை. 2011-ல் அண்ணன் வந்து, "பேங்க் லோனுக்கு ஒரு கையெழுத்து வேணும், சும்மா வந்துட்டுப் போம்மா" என்று கூப்பிட்டார். ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரே கூட்டம். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன், கைரேகை வைத்தேன். அது என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் என்று அப்புறம்தான் தெரிந்தது. போய்க் கேட்டதற்கு அண்ணி, "நகையும் பாத்திரமும் வாங்கிட்டுப் போனவதானே" என்றார். அடுத்த வருடம் என் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. நாங்களே கடைக்குப் போய்ச் சேலை எடுத்து, மாமா வைத்தது என்று சொல்லி அவளுக்குக் கட்டிவிட்டோம். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். "கூடப் பொறந்தவன் இப்படிக் கிடக்கிறான், உனக்கு என்ன வைராக்கியம்" என்று அம்மா தினமும் போனில் அழுகிறார். போனால் அவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடாதா? போகாமல் இருந்து அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எப்படித் தூங்குவேன்?
(பெயர் வேண்டாம், மணப்பாறை பக்கம்)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் சொத்தைப் பற்றி நாலைந்து வரி இருக்கிறது, சேலையைப் பற்றி ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரியில் பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறீர்கள் என்பது தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினாலே தெரிகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை உங்களிடம் யாரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. உங்களுக்கு நடந்தது அநியாயம். நகை போட்டு அனுப்பினால் பெண்ணின் பங்கு தீர்ந்தது என்பது வீடுகளில் பேசிக்கொள்கிற கணக்கு, சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள், அந்த வருடம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்கள்தான் அதில் விடுபட்டார்கள், நீங்கள் இல்லை. 2005-ல் அது நாடு முழுக்க வந்தது. 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், இது மகளுக்குப் பிறப்பிலேயே வருகிற உரிமை என்று தெளிவாகச் சொன்னது. அப்பா தானே சம்பாதித்த சொத்தாக இருந்தாலும், உயில் இல்லாமல் அவர் தவறிவிட்டால் மகளுக்கும் சம பங்குதான். ஆக, நீங்கள் ஆசைப்பட்டது அண்ணன் சொத்துக்கு இல்லை. உங்களுடையதைத்தான் உங்களிடமிருந்து எழுதி வாங்கினார்கள்.

பத்திரத்தை இனி ரத்து செய்ய முடியுமா என்றால், கஷ்டம். பதிவான பத்திரத்தை எதிர்த்து சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் ஏமாற்றியது தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டிய வழக்கு. உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். ஆனாலும் ரிஜிஸ்டர் ஆபீசில் மனுப் போட்டுப் பத்திர நகலை வாங்கி ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், எல்லாச் சொத்தும் அந்தப் பத்திரத்தில் அடங்கியிருக்கிறதா என்றாவது தெரியும். செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

நோயாளி அண்ணனைப் பற்றிக் கேட்டால் இவள் வக்கீலைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது, மன்னிப்பது, பங்கு, இந்த மூன்றையும் உங்கள் சொந்தக்காரர்கள் ஒரே முடிச்சாகப் போட்டு உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். "போய்ப் பார்" என்று அவர்கள் சொல்வதற்குள்ளேயே "பழசை விடு", "சொத்தைப் பற்றி வாயைத் திறக்காதே" இரண்டும் சேர்ந்து இருக்கிறது. நீங்கள் அதை அவிழ்க்கலாம். போய்ப் பார்த்துவிட்டு மன்னிக்காமல் இருக்கலாம். மன்னித்துவிட்டு, என் பங்கு என் பங்குதான் என்று சொல்லலாம். எது எப்போது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். இன்னொன்றும் எழுதத் தோன்றுகிறது. தினமும் போன் செய்து அழுகிற அம்மா, 2011-ல் ஒரு நாளாவது மகனைக் கூப்பிட்டு, "தங்கச்சிகிட்ட ஏண்டா இப்படிப் பண்ணின" என்று கேட்டாரா? கேட்டிருந்தால் உங்கள் கடிதத்தில் அது வந்திருக்கும். காயம் பட்டவளிடம் மட்டுமே பெருந்தன்மையைக் கேட்பது நம் குடும்பங்களில் ரொம்ப நாளாக நடக்கிறது, எனக்கு அதில் கோபம் உண்டு.

சரி, போகலாமா? என் அபிப்பிராயம், போங்கள். அதுவும் வீட்டுக்குப் போகாமல், டயாலிசிஸ் நடக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என் பெரியப்பா மகனுக்குத் துணையாக ஒரு வருடம் போல நான் அந்த வார்டுக்குப் போய் வந்திருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் முதலில் எடை பார்ப்பார்கள், உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் பண்ண. அப்புறம் நாலு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அந்தக் கையில் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்திருப்பார்கள், அதன் மேல் விரல் வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி அதிரும். முதல் தடவை தொட்டபோது நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். அவன்தான் சிரித்து, "அது அதிர்ந்தாத்தான்க்கா நல்லது, நின்னுடுச்சுன்னாத்தான் ஓடணும்" என்றான். அந்த நாலு மணி நேரம் அவனுக்கு எங்கேயும் எழுந்து போக முடியாது, விருந்தாளிகள் இல்லை, டிவி சத்தம் இல்லை, மேலே ஃபேன்தான். பேச வேண்டியதைப் பேச அது நல்ல இடம், பேசாமல் பக்கத்தில் உட்கார அதைவிட நல்ல இடம். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று இளநீரும் சாத்துக்குடியும் வாங்கிப் போய்விடாதீர்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், கிட்னி போனவர்களுக்கு ஆபத்து, தண்ணீரே அளந்துதான் கொடுப்பார்கள்.

போனால் அவர்கள் செய்தது சரி என்று ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். அது நீங்கள் அங்கே என்ன பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் நோயாளிதான் ஆரம்பிப்பார், "எதையும் மனசுல வச்சுக்காதம்மா" என்பார். அந்த நேரத்தில் நம் வாய் தானாகச் சொல்லும், "அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா." அதை மட்டும் சொல்லாதீர்கள், அது பொய். "வச்சிருக்கேண்ணா. இருந்தாலும் வந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், விளக்கவும் வேண்டாம். அந்த இரண்டு வாக்கியத்தில் நடந்ததும் அழியாது, நீங்கள் வந்ததும் குறையாது.

என் அனுபவம் ஒன்று. ஒரு கல்யாணப் பந்தியில் சித்தி சொன்ன ஒரு வார்த்தைக்காக 9 வருடம் நான் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சித்தப்பா தவறி ஒரு மாதம் கழித்துப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், வா என்றுகூடச் சொல்லவில்லை, முறத்தை என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வழிய வெங்காயம் உரித்தோம். அன்றைக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தீரவில்லை. பேச்சு திரும்ப வந்தது, போக்குவரத்து வந்தது, ஆனால் அந்த வார்த்தை உள்ளே அப்படியே இருந்தது. மூன்று வருடம் கழித்து ஒரு நாள் பஸ்சுக்குக் காத்திருக்கும்போது அவளே, "அன்னைக்குப் பந்தியில உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அது மறக்க ஆரம்பித்தது. அதனால், முதல் நாள் போய்விட்டு வந்து, "போனேன், ஆனாலும் வலிக்குதே" என்று தோன்றினால் உங்களிடம் குறை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலம் உனக்குத்தான், தங்கச்சிக்கு நகையோடு சரி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பையன் அவர். அந்த வீட்டில் அதை யாரும் தப்பு என்று அவருக்குச் சொல்லித் தரவில்லை. இதனால் அவர் செய்தது சரியாகிவிடாது, லோன் என்று பொய் சொல்லித்தானே கூட்டிப் போனார், அப்படியானால் உள்ளுக்குள் தெரிந்துதான் இருக்கிறது. ஆனால் இதை நினைத்துப் பார்த்தால், உங்களை வெறுத்துத்தான் அப்படிச் செய்தார் என்கிற எண்ணம் கொஞ்சம் தளரலாம். எனக்கென்னவோ உங்களை இத்தனை வருடம் அறுத்தது அந்த எண்ணம்தான் என்று படுகிறது.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். காலையில் காலைப் பிடித்து அழுவார். மூன்று முறை பெரியவர்கள் பஞ்சாயத்து பேசி, மன்னித்து வாழு என்று அனுப்பிவைத்தார்கள். மன்னிக்கிற குணம் எனக்குக் குறைந்துகொண்டே போகிறது. நான் கெட்டவளாகிவிட்டேனா?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: இல்லை. ஒரு துளிகூட இல்லை. அடி நிற்காத வீட்டில் மன்னிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், முதலில் நீங்களும் குழந்தைகளும் பத்திரமாக இருக்க வேண்டும். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், பெண்களுக்கான உதவி எண் அது, ராத்திரியிலும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கிற 2005-ஆம் வருடச் சட்டத்தில் அதற்கென்று பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள், உங்களை அந்த வீட்டை விட்டு வெளியே தள்ள முடியாதபடி உத்தரவும் வாங்கலாம். அவர் காலையில் அழுவது நிஜமாகவே இருக்கலாம், அப்படியானால் குடியை நிறுத்த சிகிச்சைக்குப் போகட்டும், போய் மாசக்கணக்கில் நின்று காட்டட்டும். அதுவரை நீங்கள் யாருக்கும் மன்னிப்புக் கடன் பட்டிருக்கவில்லை. பஞ்சாயத்து பேசிய பெரியவர்களில் ஒருவர் வீட்டிலாவது அந்த மூன்று ராத்திரியில் உங்களுக்குப் படுக்க இடம் கொடுத்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். இந்தப் பதிலைப் படித்ததும் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: வயது 29, சென்னையில் வேலை. நான் வேறு கம்பெனியில் இன்டர்வியூ போனதை ரூம்மேட் என் மேனேஜரிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். எனக்கு வர வேண்டிய புரமோஷன் போனது. மன்னிப்புக் கேட்டான், "சரி விடு மச்சி" என்றேன், மனசாரத்தான் சொன்னேன். ஆனால் ராத்திரி படுத்தால் எல்லாம் திரும்ப ஓடுகிறது. அப்படியானால் நான் சொன்னது பொய்யா?
(வாசகர், பள்ளிக்கரணை)

பதில்: பொய் இல்லை, தம்பி. அமெரிக்காவில் எவரெட் வொர்திங்டன் என்று ஒரு உளவியல் பேராசிரியர் இருக்கிறார், மன்னிப்பைப் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்தவர். 1996 புத்தாண்டை ஒட்டி அவருடைய அம்மாவை, வீடு புகுந்து திருட வந்தவன் அடித்துக் கொன்றுவிட்டான். மன்னிப்பைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவருக்கே அது சோதனையாக வந்து நின்றது. அவர் மன்னிப்பை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார். பழிவாங்க மாட்டேன், இவனை மனுஷனாகவே நடத்துவேன் என்று முடிவெடுப்பது ஒன்று, அதை ஒரு நாளில் எடுத்துவிடலாம். மனசுக்குள் இருக்கிற கசப்பு இறங்குவது இன்னொன்று, அது தன் பாட்டுக்குத்தான் இறங்கும். நீங்கள் முதலாவதைச் செய்துவிட்டீர்கள், இரண்டாவதற்கு நாள் ஆகும். ராத்திரி திரும்ப ஓடும்போது, "நான் இன்னும் மன்னிக்கலையோ" என்று உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அப்புறம் ஒரு விஷயம், அடுத்த இன்டர்வியூ பற்றி அவனிடம் சொல்ல வேண்டாம். மன்னித்தவனிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

கேள்வி: மன்னித்துவிட்டேன் என்று சொன்னால், தண்டனை வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அப்படி எல்லோரும் மன்னித்தால் நாடு என்ன ஆகும்?
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் ஒரு கும்பல் தீ வைத்துக் கொன்றது. பெரியவன் பிலிப்புக்கு 10 வயது, சின்னவன் திமோத்திக்கு 6. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பாரிபாதாவில் தொழுநோயாளிகளுக்காக உழைத்த குடும்பம் அது. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அவருடைய மனைவி கிளாடிஸ் சொன்னார், மகள் எஸ்தரோடு அந்த ஊரிலேயே தங்கி தொழுநோய் இல்லத்து வேலையைத் தொடர்ந்தார். 2005-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் வழக்கு நிற்கவில்லை. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003-ல் தூக்கு, 2005-ல் ஹைகோர்ட் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கிளாடிஸ் மன்னித்தது அவருடைய மனசுக்குள் இருந்த வெறுப்பைத்தான், கோர்ட்டின் வேலையை அவர் கையில் எடுக்கவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில், ஒன்றை ஒன்று தடுக்காமல் நடந்தன. அவர் சார்பில் வேறு யாராவது, "நாங்கள் மன்னித்துவிட்டோம்" என்று சொல்லியிருந்தால் அது செல்லாது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 71. 1988-ல் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவனின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. கடைசி பெஞ்சில் அப்பா இல்லாத ஒரு பையன் இருந்தான். அவன்தான் எடுத்திருப்பான் என்று நினைத்து, அவன் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டச் சொன்னேன். எதுவும் இல்லை. அப்போதும் அவனைப் பிரம்பால் அடித்து, திருட்டுப் பயலே என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மறுநாள் அந்த பாக்ஸ் சொந்தக்காரன் வீட்டிலேயே இருந்தது என்று தெரிந்தது. நான் அதைப் பற்றி வகுப்பில் எதுவும் பேசவில்லை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. சமீபத்தில் பழைய மாணவர்கள் மூலம் தெரிந்தது, அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். அவன் போன் நம்பர் ஒரு மாதமாக என் சட்டைப் பையில் இருக்கிறது. பேசலாமா?
(பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: ஐயா, இத்தனை வருடம் கழித்து இதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், பிரம்பை மறைக்கவில்லை, மறுநாள் பேசாமல் இருந்ததையும் மறைக்கவில்லை. உங்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஆனால் போன் வேண்டாம், கடிதம் எழுதுங்கள். போனில் பழைய வாத்தியார் குரலைக் கேட்டதும் யாராக இருந்தாலும் எழுந்து நிற்பார்கள், "அதெல்லாம் பரவாயில்லை சார்" என்பார்கள். அதைச் சொல்வது பழக்கம், அவருடைய மனசு இல்லை. அவ்வளவு சுலபமாக அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடிதம் என்றால் தனியாகப் படிக்கலாம், கோபப்படலாம், கிழித்துப் போடலாம், ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் படிக்கலாம்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஜாமெட்ரி பாக்ஸ், கவிழ்த்த பை, பிரம்பு, நீங்கள் சொன்ன வார்த்தை. முக்கியமாக, மறுநாளே உண்மை தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்பதை எழுதுங்கள், அடியைவிட அது பெரியது என்பது என் எண்ணம். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அந்தக் காலத்தில் எல்லா வாத்தியாரும் அடித்தார்கள் என்பதெல்லாம் வேண்டாம். சமண நண்பர்கள், மன்னிப்புக் கேட்பதற்கென்றே இருக்கிற சம்வத்சரி நாளன்று, சென்னை சௌகார்பேட்டையில் இருந்தால் பார்த்திருப்பீர்கள், எதிரே வருகிறவரிடம் எல்லாம் "மிச்சாமி துக்கடம்" என்று சொல்வார்கள், நான் செய்த தீங்கு பலனற்றுப் போகட்டும் என்று. அழகான வழக்கம் அது, வருடத்துக்கு ஒரு முறை தலை குனிய யாருக்குமே நல்லதுதான். ஆனால், "தெரிந்தோ தெரியாமலோ" என்கிற பொது வார்த்தை உங்களுக்குப் போதாது. உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "என்னை மன்னித்துவிடு" என்றும் கேட்காதீர்கள். கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும், பாரம் மறுபடியும் அவர் தலையில் போய் உட்காரும். நான் செய்தது தப்பு, நீங்கள் திருடவில்லை என்பது மறுநாளே எனக்குத் தெரியும், இதைச் சொல்லவே எழுதுகிறேன் என்று முடித்தால் போதும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்காவது அவர் இன்றைக்கும் ஜாமெட்ரி பாக்ஸ் திருடினவர்தான், ஏனென்றால் அந்தக் கதையை யாரும் திருத்தவே இல்லை. பழைய மாணவர்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கும். அதில் உண்மையை எழுதத் தயார் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் எழுதிவிடாதீர்கள். குடியை விட்டவர்கள் நடத்துகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் இதற்கு ஒரு படி உண்டு. யாருக்கெல்லாம் கெடுதல் செய்தோமோ அவர்களிடம் நேராகப் போய்ச் சரி செய்ய வேண்டும், ஆனால் அதனால் அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ புதிதாகக் காயம் வருமென்றால் கூடாது என்பார்கள். தன் பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவர் புதைத்து வைத்திருக்கிற கதையாக இருக்கலாம் அது. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். பதிலே வராவிட்டால் இரண்டாவது கடிதம் எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதம் முழுக்க அவரை "அவன்" என்றே எழுதியிருக்கிறீர்கள். வாத்தியார் வாய்க்கு அது பழக்கம், புரிகிறது. ஆனால் அவருக்கு இப்போது 50 வயது. உறையின் மேல் அவர் பெயருக்கு முன்னால் "திரு." போடுங்கள்.